இடது சக்கரத்துச் சூடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "அண்ணன் கத்தும், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்காது" என்று என் தம்பி பலரிடம் சொல்லியிருக்கிறான். கத்துகிறவனுக்கு இப்படி ஒரு நல்ல பெயர் சும்மா கிடைத்துவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் மனசில் என்ன தங்குகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்த நானும் விசாரிக்கவில்லை.

எங்கள் ஊர் திருக்கடையூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. எங்கள் முகத்துவாரத்தை மணல் மூடியபிறகு ஃபைபர் படகை உள்ளே வெளியே கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. தெற்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு முகத்துவாரம் திறந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் எங்களை அங்கே இறங்க விட்டார்கள், ஆனால் படகை அங்கேயே போட்டுவைக்க விடவில்லை. அவர்கள் கரை, அவர்கள் சட்டம். அதனால் தினமும் விடியும் முன்னே படகை டிரெய்லரில் ஏற்றி, பழைய ஜீப்பில் மாட்டி, வயல்களுக்கு நடுவே போகிற ரோட்டில் இழுத்துக்கொண்டு போவோம். மீனை ஏலத்தில் போட்ட பிறகு அதே வழியில் இழுத்து வருவோம். படகு ரோட்டில் போவதைப் பார்த்து வயல்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. தம்பி மட்டும் அவர்களுக்குக் கையாட்டிக்கொண்டே வருவான்.

ஜீப் என் பொறுப்பு, டிரெய்லர் அவன் பொறுப்பு. பிரேக் கூட இல்லாத எளிய வண்டி அது. ஓர் அச்சு, இரண்டு சக்கரம், அவ்வளவுதான். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள் முன்பக்கம் ஒரு பேரிங், பின்பக்கம் ஒரு பேரிங், இரண்டிலும் கிரீஸ். பின்பக்கத்தில் தூசியும் தண்ணீரும் புகாமல் ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரோட்டில் ஓடிச் சூடாயிருக்கும் ஹப்பை அப்படியே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கரைக்குப் போனதும் வண்டியை அரை மணி நேரம் ஆறப் போட வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னதே தம்பிதான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். தண்ணீருக்குத் தாங்கும் என்று நீல நிறத்தில் ஒரு கிரீஸ் டப்பாவைத் தேடி வாங்கி வந்தான். கரையில் மற்ற படகுகள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம்ண்ணே" என்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் பொறுத்துக்கொள்வேன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியும்.

அந்த வருஷம் அவன் போவதா இருப்பதா என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பஹ்ரைனில் மீன்பிடிக்கிற சொந்தக்காரன் ஒருவன் அங்கே ஒரு படகில் வேலை தயாராக இருக்கிறது, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தம்பி மூன்று தடவை தட்டிக் கழித்துவிட்டான். "நம்ம படகு இருக்கும்போது எவன் படகுலயோ போயி எதுக்குண்ணே நிக்கணும்" என்று சொன்னான். அவன் போய்விட்டால் படகு ஓடாது. அதைவிட, எனக்கு ஓடாது. எனக்கு எட்டு வயது இளையவன். அப்பா போனபிறகு சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறேன். அவன் போகக்கூடாது என்று மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன், வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் டிரெய்லரில் படகை உருட்டி ஏற்றுகிற உருளை ஒன்றை வெல்டிங் வைக்க நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். படகில்லாத வெறும் வண்டி. தம்பி அன்று வலை பின்னிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது ரோட்டில் உளுந்து பரப்பியிருந்தார்கள். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைச் செடியோடு பிடுங்கி, காயவைத்து, தார் ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் போட்டுவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி இறங்க, நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். ஆள் வைத்து அடிக்கிற வேலையை ஊர் வண்டிகள் சும்மா செய்துகொடுக்கும். அதைப் பார்த்தால் தம்பி ஒதுங்கி வாய்க்கால் ஓரமாக ஓட்டச் சொல்வான். "கொடி சுத்திக்கிச்சுன்னா வம்புண்ணே" என்பான்.

அன்று ரோட்டோரம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா கூடை சுமந்து அந்தத் தெருவில் மீன் விற்றவள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. "ஏ, மீனு" என்பதுதான் பெயர். நானும் சின்ன வயதில் கூடவே போய் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க தம்பி. அவசரம் இல்லன்னா வண்டிய ரெண்டு தடவ இப்படியே ஏத்தி எறக்கிட்டுப் போங்களேன். உங்க வண்டிக்கு வெயிட்டு நல்லாருக்கு."

வாங்க. போங்களேன். உங்க வண்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டார், நான் ஆறு தடவை ஓட்டினேன். திரும்புவதற்கு இடமில்லாமல் உளுந்துக் குவியலிலேயே டிரெய்லரைப் பின்னால் தள்ளி முன்னால் இழுத்துத் திருப்பினேன். இடது சக்கரம் ஒரு பக்கமாகக் குவியலுக்குள் புதைந்து புதைந்து வந்தது. அவர் ஆள்விட்டு மோர் வரவழைத்துத் தந்தார். சில்வர் டம்ளரில் தந்தார். குடித்துவிட்டு, வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. ஒரு 'ங்க'வுக்கு நான் மயங்கிப்போனதைச் சொன்னால் சிரிப்பான். அவன் யார் முன்னாலும் இந்த மாதிரி வளைகிறவன் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கரைக்குப் போய் இறங்கியதும் தம்பி வழக்கம்போலப் புறங்கையை வைத்தான். வலது ஹப் வெதுவெதுப்பாக இருந்தது. இடதில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டான். நான் விரலால் தண்ணீர் தெளித்தேன், சுர் என்றது. அன்றைக்குப் படகை இறக்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். வலது சக்கரம் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. இடது கரகரவென்று அரைத்தது. மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் ஆடியது. எங்கேயோ கிரீஸ் இல்லை என்பது வரைக்கும் யாருக்கும் சந்தேகமில்லை.

முன்பக்க மூடியை நான் தட்டிக் கழற்றினேன். உள்ளே நீலமும் இல்லை ஒன்றும் இல்லை. கறுப்பாக, தண்ணியாக ஏதோ இருந்தது, கருகல் வாடை அடித்தது. அந்த நிமிஷமே என் தீர்ப்பு தயாராகிவிட்டது.

"ஏன்டா, இதுல கிரீஸ் வச்சியா இல்லியா?"

"வச்சேன்ணே. ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே நாள்ல, ஒரே டப்பாவுலேருந்து வச்சேன்."

"அப்ப எங்க போச்சு? கடலா குடிச்சுது?"

"சீலு போயிருக்கும். உப்புத் தண்ணி போயிருந்தா ரெண்டு சக்கரமும்ல சூடாயிருக்கணும்? ரெண்டையும்தான ஒண்ணா எறக்குறோம்?"

"அதத்தான்டா நானும் சொல்றேன். ஒண்ணுக்கு வச்சுட்டு இன்னொண்ண மறந்துட்ட."

அவன் பேசியது நியாயம். ஒரே மாதிரி ஓடி, ஒரே மாதிரி நனைந்த இரண்டு சக்கரத்தில் ஒன்று மட்டும் கெட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று பின்னால் போய்த் தேட வேண்டும். நான் அந்த நியாயத்தையே எடுத்து அவன் தலையில் போட்டேன். ஜீப்பில் கிடந்த சாதாரணக் கிரீஸை எடுத்து முன்பக்கமாகவே திணித்தேன். ஆட்டம் நிற்கட்டும் என்று நட்டை இறுக்கினேன், பேரிங் திணறுகிற அளவுக்கு இறுக்கினேன். ஹப்பை முழுசாக உருவவில்லை. உருவினால்தான் பின்பக்கம் தெரியும். "கழட்டிப் பாத்துடலாம்ணே, பின்பக்கம்" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "நேரமில்ல" என்றேன். அரை மணி நேர வேலை.

மறுநாள் பாதி வழியில் இடது சக்கரத்திலிருந்து புகை வந்தது. படகோடு ரோட்டில் நின்றோம். வேறொருவரிடம் டிராக்டரைக் கெஞ்சி வாங்கி வண்டியை மெல்லக் கரைவரைக்கும் இழுத்துப் போவதற்குள் சூரியன் நன்றாக ஏறிவிட்டது. கரையில் மற்ற படகுகள் திரும்பி வந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. எங்களை அங்கே இறங்க விட்ட ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவர் கேட்டார், "என்ன தம்பி, வண்டிக்கு என்னாச்சு?" கேட்டவர் சும்மாதான் கேட்டார்.

நான் பதில் சொன்னேன். என் தம்பிக்குக் கிரீஸ் டப்பாவைத் திறக்கக்கூட உடம்பு வணங்கவில்லை, போனில் வீடியோ பார்க்க மட்டும் நேரமிருக்கிறது, வேலைசெய்யாமலே செய்தேன் என்று பொய் சொல்கிறான், இவனை நம்பிப் படகு வைத்தேன் பார் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சோம்பேறி என்று சொன்னதைக்கூட அவன் மறந்திருப்பான். பொய் சொல்கிறான் என்று பத்துப்பேர் முன்னால் சொன்னேன். அவன் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவன். அதற்காகவே அடி வாங்கியவன்.

ஏலம் போடுகிறவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். தம்பி கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"பின்பக்கம் கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுண்ணே."

"பாக்க வேண்டியதப் பாத்தாச்சு. இனிமே என் வண்டியில கைவைக்காத."

அவன் கை வைக்கவில்லை. அவனே ஒரு நாள் கழற்றிப் பார்த்திருக்கலாமே என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். நான் தொடாதே என்றேன், அவன் தொடவில்லை. பஹ்ரைனுக்கு அன்று சாயங்காலமே போன் செய்துவிட்டான் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வாரத்தில் காகிதங்கள் வந்துவிட்டன. அந்த மூன்று வாரமும் நான் வீம்பாக வேறொருவர் படகில் கடலுக்குப் போனேன். டிரெய்லர் வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரே வீட்டில் சாப்பிட்டோம், ஒரே குழம்பு. "உப்பு போதுமா" என்று என் மனைவி இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்பாள். கிளம்புகிற அன்று என் காலில் விழுந்து கும்பிட்டான். நான், "பத்திரமா போ" என்றேன். போகாதே என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது, வாய் வரவில்லை.

அவன் போன பிறகு வண்டியை ஒரு டிராக்டர் மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அதிகம் பேசாதவர். மூடியைக் கழற்றினார், நட்டைப் பூட்டியிருந்த பின்னை நிமிர்த்தி உருவினார், நட்டைத் திருப்பும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாருங்க இப்படி முறுக்குனது?" ஹப்பை உருவி, திருப்பிக் கீழே வைத்தார்.

பின்பக்கத்தில், அச்சுக்கும் ஹப்புக்கும் நடுவே, கருகி இறுகிப்போன ஒரு வளையம் இருந்தது. கத்தியால் கீறி, துண்டு துண்டாகப் பிடுங்கி எடுத்தார். வெளியே கரி, உள்ளே நார். ஒரு துண்டில் காய்ந்த நெற்று ஒட்டியிருந்தது.

"உளுந்துக் கொடிங்க. இது சுத்திச் சுத்தி சீலை அறுத்துடுச்சு. கிரீஸ் பூரா பின்பக்கமா ஒழுகிடுச்சு. எந்த ஊரு உளுந்துல ஓட்டுனீங்க?"

பிறகு உள்ளே விரலை விட்டு வழித்துக் காட்டினார். ஹப்பின் நடுக்குழியில், சூடு எட்டாத ஒரு மூலையில், நீலம் இருந்தது. நான் திணித்த கிரீஸ் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. "மொதல்ல வச்சவரு வேல தெரிஞ்சவருங்க. நல்ல கிரீஸா பாத்து, இண்டு இடுக்கெல்லாம் வச்சிருக்காரு" என்றார். அந்த மெக்கானிக்குக்குத் தம்பியைத் தெரியாது. முகம் தெரியாத ஆள் ஒரு விரல் கிரீஸைப் பார்த்து அவனுக்குக் கொடுத்த மரியாதையை, முப்பது வருஷம் கூடவே இருந்த நான் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதத்தான் ஆசை. போடவில்லை. கொடியைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கரையில், பின்பக்கம் பார்க்கலாம் என்று தம்பி முதல் தடவை சொன்னபோதே எனக்கு அந்த ரோடு ஞாபகம் வந்தது. குவியலுக்குள் புதைந்த இடது சக்கரம் ஞாபகம் வந்தது, மோர் ஞாபகம் வந்தது. ஒரு நொடிதான். அதை அப்படியே அமுக்கிவிட்டுக் கத்த ஆரம்பித்தேன். நேரமில்லாததால் ஹப்பைக் கழற்றாமல் விட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கழற்றினால் என்ன இருக்கும் என்று தெரிந்துதான் கழற்றவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. புது சீல், புது பேரிங், அரை நாள் வேலை. ஆள்தான் இல்லை. வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த ரோட்டு வழியாகவே திரும்பினேன். நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. சண்டை போடவா, என்னை அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கவா? அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மீன் வண்டியா? வாசல்ல நிறுத்தாதப்பா, நாத்தமடிக்கும்" என்றார். டிரெய்லரில் அன்று ஒரு செதில்கூட இல்லை. நான் கியரைப் போட்டுக் கிளம்பினேன். அவர்மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். அவர் ரோட்டில் உளுந்து போட்டார், ஓட்டச் சொன்னார், அவ்வளவுதான். என் தம்பியைப் பொய்யன் என்று சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் தம்பிக்குப் போன் செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. வாரத்துக்கு இரண்டு தடவை அவன் என் மனைவியிடம் பேசுவான். "அண்ணன் சாப்பிட்டுச்சா" என்று கேட்பானாம். பதினோராவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுப்பு. மத்தியானம் கொல்லையில் நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

"வண்டியக் கழட்டிப் பாத்தேன்டா."

"ம்."

"உளுந்துக் கொடி. பின்பக்கம் சுத்திக்கிட்டு சீலை அறுத்துடுச்சு. நான்தான் அன்னிக்கு... வெல்டிங்குக்குப் போயிட்டு வர்றப்ப ஓட்டிட்டேன். உன் மேல தப்பு இல்லடா. உள்ள உன் நீலக் கிரீஸு அப்படியே இருந்துச்சு. மெக்கானிக்கே சொன்னாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ எஞ்சின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தேன். மன்னித்துவிட்டான், இனி திரும்பி வருவான் என்று அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் நிறைய மனக்கோட்டை கட்டிவிட்டேன். அவன் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அந்தக் கொடி கெடைக்காமப் போயிருந்தா என்னண்ணே?"

"என்னடா?"

"இல்ல, சூட்டுல எரிஞ்சு சாம்பலாப் போயிருந்துச்சுன்னு வச்சுக்க. கிரீஸும் மிச்சமில்ல. அப்ப நான் வச்சேன்னு சொன்னது என்னவாகும்?"

அவன் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், சக்கரத்தை ஆட்டிப் பார்த்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்பதைப் போல. கொஞ்சம் பொறுத்துவிட்டு, "சரிண்ணே, அண்ணிகிட்ட அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

கிடைக்காமல் போயிருந்தால் இன்றுவரைக்கும் கரையில் அவன்தான் பொய்யன். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவனுக்கு அது தெரியும்.